எங்கே மாட்டப் போறீங்க?

பிளக்ஸ் கடைக்குப் பென் டிரைவோடு வருகிற டிசைனர் தம்பிகள், அதை நீட்டும்போதே ஒரு உத்தரவாதமும் சேர்த்துத் தருவார்கள்: “300 டிபிஐல போட்டிருக்கேன்ணே, கண்ணாடி மாதிரி வரும்.” ஃபைலைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைப் பார்க்கலாம். 10-க்கு 8 அடி பேனரை நிஜமாகவே 300-ல் போட்டு, கம்ப்யூட்டரே திணறுகிற அளவுக்கு வீங்கிப்போன ஃபைல். அல்லது 900 பிக்சல் அகலமுள்ள படத்தை எடுத்து, போட்டோஷாப்பின் ரெசல்யூஷன் கட்டத்தில் 72 என்று இருந்ததை அழித்துவிட்டு 300 என்று அடித்த ஃபைல். முதலாவது வீண் சுமை. இரண்டாவதில் புதிய விவரம் எதுவும் வந்து சேரவில்லை.

மதுரையில் ஒரு டிஜிட்டல் பிரிண்டிங் கடையில் ஃபைல் சரிபார்க்கிற வேலை எனக்கு. கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி, கடை போர்டு, போட்டோகிராபர்கள் கண்காட்சிக்குக் கொண்டுவருகிற படங்கள் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். ஃபைலைத் திறக்கும் முன்பே நான் கேட்டுவிடுகிற கேள்வி, “எங்கே மாட்டப் போறீங்க?” என்பது. மண்டப வாசலா, வரவேற்பறைச் சுவரா, முச்சந்தியா, ஷோரூம் கண்ணாடியா? அந்தப் பதிலுக்குள் பார்வைத் தூரம், வெளிச்சம், துணியா தாளா, எத்தனை நாள் தாங்க வேண்டும் என்பதெல்லாம் வந்துவிடும். ரெசல்யூஷனும் கலரும் ஷார்ப்னெஸும் அதற்குப் பிறகு எடுக்கிற முடிவுகள்.

முதலில் தூரக் கணக்கு. நல்ல பார்வையுள்ள மனிதக் கண் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணம்வரைதான் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும். இதை அடிக்கணக்கில் சுருக்கினால் கையில் வைத்துக்கொள்ள ஒரு சூத்திரம் கிடைக்கிறது: 286-ஐப் பார்வைத் தூரத்தின் அடியால் வகுத்தால், ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் இருந்தால் போதும் என்று தெரியும். ஒரு அடி தூரத்தில் கையில் பிடித்துப் பார்க்கிற ஆல்பத்துக்கு 286. இந்த 300 என்ற எண் பிடிவாதமாக நிலைத்துப்போனதற்கு இது ஒரு காரணம். 3 அடி தள்ளி நின்று பார்க்கிற சுவர்ப் படத்துக்கு 95. மண்டப வாசலில் 10 அடி தூரத்துக்கு 29. சாலைக்கு அந்தப் பக்கம் 30 அடியில் நிற்பவருக்கு 10 கூடப் போதும்.

இந்தக் கணக்கை அப்படியே நம்பி 29-ல் ஃபைல் போடச் சொல்லமாட்டேன். ஜனங்கள் பேனருக்குப் பக்கத்தில் போய் நின்று செல்ஃபி எடுப்பார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா தன் பெயர் இருக்கிறதா என்று மூக்கு உரசுகிற தூரத்தில் தேடுவார். அதனால் கணக்கில் வருவதைப்போல இரண்டரை மடங்கு வைத்துக்கொள்கிறேன். 10 அடி தூரத்தில் பார்க்கிற அந்த 10-க்கு 8 அடி பேனருக்கு 72 தாராளம். 8,640-க்கு 6,912 பிக்சல், சிஎம்ஒய்கே-யில் சுமார் 240 எம்பி. அதே பேனர் 300-ல் என்றால் 36,000-க்கு 28,800 பிக்சல், நாலு ஜிபிக்கு மேல். பிஎஸ்டி ஃபைலில் ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சலுக்கு மேல் இடமே கிடையாது. பிஎஸ்பி என்ற பெரிய வடிவத்துக்குப் போக வேண்டும். அவ்வளவு பாடுபட்டும் வாசலில் நிற்கிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியப்போவதில்லை.

மெஷினின் பக்கவாட்டில் 1440 டிபிஐ என்று எழுதியிருக்கிறதே என்பார்கள். அது மை தெளிக்கிற புள்ளிக் கணக்கு. இன்க்ஜெட்டில் ஒரு பிக்சலின் நிறத்தைக் காட்டப் பல துளிகள் அக்கம்பக்கமாக விழ வேண்டும். பிளக்ஸ் அடிக்கிற கோனிகா 512ஐ ஹெட்டில் ஒரு துளி 30 பிகோலிட்டர். போட்டோவுக்கான பெரிய எப்சன் மெஷின்களில் மிகச் சிறிய துளி 4 பிகோலிட்டருக்கும் கீழே. அதனால்தான் ஒரே ஃபைல் இரண்டிலும் வெவ்வேறு படமாகத் தெரிகிறது. மெஷினின் டிபிஐ-யைப் பார்த்து ஃபைலின் பிக்சலைக் கூட்டுவதில் பயனில்லை.

இதில் மகிழ்ச்சியான சேதி ஒன்று உண்டு. இன்றைய சாதாரண செல்போன் 12 மெகாபிக்சலில் எடுக்கிற படம் 4,000-க்கு 3,000. அதை 10 அடி அகலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 33 பிக்சல். இரண்டரை மடங்கு இல்லாவிட்டாலும் மண்டப வாசலுக்கு அது நிற்கும். ஆகவே “கேமராவுல எடுத்தாத்தான் பெருசாப் போட முடியுமா?” என்று கேட்கிறவர்களிடம், “போன்ல எடுத்ததே போதும், ஆனா எடுத்ததை அப்படியே கொண்டாங்க” என்கிறேன். சிக்கலே அந்த ‘அப்படியே’யில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். ஒரு படம் மாமா குரூப்பிலிருந்து சித்தி குரூப்புக்கும், அங்கிருந்து என் எண்ணுக்கும் வருவதற்குள் கண் இமை முடியெல்லாம் கரைந்து மொழுமொழுவென்று ஆகியிருக்கும். ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது போனையே கொண்டுவரச் சொல்லி கேபிள் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். அது திரையின் படம், போட்டோவின் படமில்லை.

கண்ணீர் அஞ்சலி வேலை தனி ரகம். வீட்டில் சாவு நடந்து சில மணி நேரத்துக்குள் வந்து நிற்பார்கள். ஒரிஜினல் கேட்டு அலைக்கழிக்க மனம் வராது. கையில் இருப்பது லேமினேஷன் செய்த அடையாள அட்டை, அல்லது பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று. அதுவும் இல்லையென்றால் எப்போதோ எடுத்த கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் ஒரு முகம். பாஸ்போர்ட் சைஸ் படம் 35-க்கு 45 மில்லிமீட்டர். அதை ஸ்கேனரில் 600-ல் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 827 பிக்சல் அகலம் கிடைக்கும். பேனரில் அதை 3 அடி அகலத்துக்கு வைத்தால் அங்குலத்துக்கு 23. தெருமுனையில் 12 அடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது முழு முகம்தான். அதற்கு மேல் 1200, 2400 என்று ஸ்கேனரை முடுக்கினால் வருவது பெரும்பாலும் தாளின் சொரசொரப்பும் தூசியும்.

பழைய படங்களில் பட்டுத்துணி போல மேடுபள்ளம் போட்ட தாள் ஒன்று வரும். ஸ்கேனர் விளக்கு பக்கவாட்டில் அடிப்பதால் அதன் ஒவ்வொரு மேடும் ஒரு வெள்ளைப் புள்ளியாக மின்னும். முகம் முழுக்கத் தேன்கூடு. இதற்கு ஒரு வழி, படத்தை ஒரு முறை நேராகவும் ஒரு முறை தலைகீழாகவும் வைத்து ஸ்கேன் செய்வது. இரண்டாவதைத் திருப்பி, முதலாவதன் மேல் லேயராகச் சரியாகப் பொருத்தி 50 சதவீதம் வைத்தால், எதிரெதிர்ப் பக்கத்தில் விழுந்த மினுமினுப்பு ஒன்றையொன்று அடித்துப் பாதிக்கு மேல் அடங்கிவிடும். ஸ்கேனர் இல்லாத கடையில், வெயில் நேராகப் படாத வாசல் நிழலில் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, போனை அதற்கு நேராகப் பிடித்து எடுத்தாலும் நன்றாகவே வரும்.

இப்போது எல்லோர் கையிலும் ஏஐ வந்துவிட்டது. ஒரு பட்டனைத் தட்டினால் மங்கல் முகம் பளிச்சென்று ஆகிறது. அலங்காரப் படத்துக்கும் நிலக்காட்சிக்கும் நானும் பயன்படுத்துகிறேன், நல்ல கருவிதான். ஆனால் இறந்தவர் முகத்தில் அதைக் கைவைக்க விடுவதில்லை. அது இல்லாததைக் கற்பனை செய்துதான் நிரப்புகிறது. திருநீற்றுப் பட்டையை நெற்றிச் சுருக்கம் என்று எடுத்துக்கொண்டு துடைத்துவிடும். மூக்குத்தி மச்சமாகிவிடும். பொக்கை வாய்ச் சிரிப்புக்குள் வரிசையாகப் பல் முளைக்கும். மகள் வந்து திரையைப் பார்த்து, “இது எங்கம்மா மாதிரியே இருக்கு, ஆனா எங்கம்மா இல்லையேண்ணே” என்பாள். அவள் சொல்வதற்கு மேல் அப்பீல் கிடையாது. தவிர்க்க முடியாமல் ஏஐ-யைப் பயன்படுத்தினால் இரண்டு மடங்குக்கு மேல் போகாமல், அதன் மேல் பழைய படத்தையே பாதி அடர்த்தியில் வைத்து, மெல்லிய நாய்ஸ் சேர்த்து முடிக்கிறேன். பெரிதாக்கிய எந்தப் படத்துக்கும் அந்த நாய்ஸ் நல்லது. பிளாஸ்டிக் பொம்மை மாதிரியான வழவழப்பு போய், தோல் தோலாகத் தெரியும். வானம், மேடைப் பின்னணி போன்ற இடங்களில் நிறம் படிப்படியாக மாறும்போது தெரிகிற கோடுகளும் அதே நாய்ஸில் மறைந்துவிடும்.

எங்கள் ஊர்க் கடைகளில் பெரிய சைஸை அப்படியே போட்டு வேலை செய்வது குறைவு. ஓரடிக்கு ஓரங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 10-க்கு 8 அடி என்றால் ஃபைல் 10-க்கு 8 அங்குலம். கணக்கு சுலபம், வாடிக்கையாளரிடம் பேசவும் சுலபம். ஆனால் இந்த முறையில் ரெசல்யூஷன் 12 மடங்காக வேண்டும். கடைசியில் 72 கிடைக்க ஃபைலில் 864 இருக்க வேண்டும். இதை மறந்து 10-க்கு 8 அங்குலத்தை 72-ல் போட்டுக் கொண்டுவந்தால் மெஷினில் அங்குலத்துக்கு 6 பிக்சல். கட்டம் கட்டமாக, தெருவே சிரிக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் வேலை செய்பவர்களுக்கு வேறு காரணமும் உண்டு. அதன் வழக்கமான பலகை 227 அங்குலம், அதாவது 19 அடிக்கும் கொஞ்சம் குறைவு. பழைய பதிப்புகளில் அதைத் தாண்டினால் ஸ்கேல் குறைத்துத்தான் போட வேண்டியிருக்கும். எந்த ஸ்கேலில் போட்டிருக்கிறது என்பதை ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள். நள்ளிரவில் மெஷின் முன்னால் நிற்கிற ஆபரேட்டரிடம் போய் ஊகிக்கச் சொல்லக்கூடாது.

எழுத்து விஷயத்தில் தமிழில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி. பாமினி, ஸ்ரீலிபி மாதிரியான பழைய ஃபான்ட்கள் இன்னும் பிளக்ஸ் தொழிலை ஆள்கின்றன. காரணம், தடித்த அலங்கார எழுத்து வகைகள் அதில்தான் நிறைய. ஆனால் அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். யூனிகோடில் அடித்தால் அந்தச் சிக்கல் கிடையாது, வேறொன்று உண்டு. பழைய போட்டோஷாப்பில் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி, ‘கோபால்’ என்பது மூன்று துண்டாக நிற்கும். டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்கினால் புதிய பதிப்புகளில் சரியாகிவிடும். எப்படி அடித்தாலும் கடைக்கு அனுப்புமுன் எழுத்தைக் கர்வ் ஆக்கிவிடுங்கள். கோரல்டிராவில் கன்ட்ரோல் க்யூ, அவ்வளவுதான். ஆக்கிய பிறகு ஒரு முறை வாசித்துப் பாருங்கள்; புள்ளிகள் சில சமயம் காணாமல் போகும். எழுத்துள்ள மூல ஃபைலைத் தனியே வைத்திருப்பது உங்கள் நிம்மதிக்கு.

சிவப்பு எழுத்தை ஜேபெக்கில் சேமிக்கும்போது தரத்தை 6-க்கும் கீழே இறக்காதீர்கள், 6-ம் வேண்டாம். அந்த அளவில் போட்டோஷாப் நிறத் தகவலைக் குறைத்துவிடுவதால், மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தின் ஓரம் அழுக்காகும். 10-க்கு மேல் வைத்தால் கவலையில்லை. எங்கள் கடைக்கு எல்இசட்டபிள்யூ சுருக்கம் போட்ட டிஃப் கொடுத்தால் இன்னும் நல்லது.

இனி கலர். சண்டையெல்லாம் நடக்கிற இடம்.

திரையில் தெரிகிற சுத்த நீலம் பிளக்ஸில் கத்தரிப்பூ நிறமாக வருவதாகப் புகார் சொல்லாத டிசைனரை நான் பார்த்ததில்லை. சயான் 100, மெஜந்தா 100 போட்டால் வருவது கத்தரிப்பூதான். மெஜந்தாவைச் சயானைவிட 30-ஆவது குறைத்து வையுங்கள். நீலம் நீலமாக நிற்கும். சிவப்புக்கு மெஜந்தா, மஞ்சள் இரண்டும் 100. சயானைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க விட்டாலும் மங்கிவிடும். பளீர் பச்சையும் ஒளிரும் ரோஸும் நான்கு மையில் கிடைக்கவே கிடைக்காது. அதைத் திரையிலேயே வாடிக்கையாளருக்குக் காட்டிச் சொல்லிவிட்டால் பிறகு வம்பில்லை.

கறுப்பு இன்னும் நுட்பம். வெறும் கறுப்பு மை 100 மட்டும் போட்டால் பெரிய பரப்பில் சாம்பல் படிந்தது போலத் தெரியும். சரி என்று நான்கையும் 100 வைத்தால் மொத்த மை 400 சதவீதம். பிளக்ஸ் அதைக் குடிக்காது. காயாமல் சுருட்டுவதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது மை உரிந்து வரும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். சயான் 40, மெஜந்தா 30, மஞ்சள் 30, கறுப்பு 100 என்று மொத்தம் 200-ல் நிறுத்தினால் எங்கள் மெஷினில் கறுப்பு ஆழமாக, காய்ந்தும் வருகிறது. உங்கள் கடைக்காரரின் எண் வேறாக இருக்கலாம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன எழுத்துக்கு மட்டும் வெறும் கறுப்பே போதும். நான்கு நிறம் கலந்த சின்ன எழுத்தில் ஹெட் ஒரு நூலிழை விலகினாலும் ஓரத்தில் வண்ண நிழல் தெரியும்.

தோல் நிறத்துக்கு வருவோம். “முகத்தைக் கொஞ்சம் கலராக்கி விடுங்கண்ணே” என்பது எங்கள் கடையில் தினசரி ஒலிக்கிற வேண்டுகோள். எனக்கு இதில் உடன்பாடில்லை. என்றாலும், காசு கொடுக்கிறவர் கேட்கிறார். ஆனால் தொழில்ரீதியாகவே அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நம் தோல் நிறத்தில் மஞ்சள் மெஜந்தாவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சயான், மெஜந்தாவில் மூன்றில் ஒன்றிலிருந்து பாதிவரை வரும். மாநிறமும் கறுப்பும் ஆழமாக, உயிரோடு தெரிவது அந்தச் சயானால். வெளுக்கிறேன் என்று அதை உருவி எறிந்தால் முகம் ரோஸ் பவுடர் பூசியதுபோல ஆகி, கழுத்தும் கையும் வேறு ஆளுடையதாக நிற்கும். முகம் பளிச்சென்று தெரிய வேண்டுமென்றால் கர்வ்ஸில் நடு வெளிச்சத்தை மட்டும் தூக்குங்கள், நிறத்தைத் தொடாதீர்கள். பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு அதுவே திருப்தி.

“திரையில பிரகாசமா இருந்துச்சு, பிரிண்ட்ல இருட்டா வந்திருக்கு” என்பது அடுத்த புகார். பத்துக்கு எட்டு முறை குற்றவாளி திரைதான். கடையிலிருந்து வந்த மானிட்டரை அதன் முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் இருட்டு மூலைகளும் தெளிவாகத் தெரியும். தாளுக்கு ஏது விளக்கு? பிரிண்டுக்கான வேலைக்கு 80-லிருந்து 120 கேண்டெலாவரை போதும் என்பது வழக்கம். அளக்கக் கருவி இல்லாதவர்கள், ஒரு வெள்ளைத் தாளை மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை ஏறத்தாழ அந்தத் தாளின் அளவுக்கு இறங்கும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். முதல் வாரம் கண் பழகாது. அதன் பிறகு பிரிண்ட் சொன்ன பேச்சைக் கேட்கும். படம் எடுத்துத் தொழில் செய்கிறவர்கள் ஸ்பைடர் போன்ற அளவீட்டுக் கருவி ஒன்று வாங்கிவிடுவது நல்லது. ஒரு லென்ஸின் விலையில் சிறு பகுதிதான்.

பிளக்ஸுக்குச் சொன்ன சிஎம்ஒய்கே புத்திமதியைப் போட்டோ பிரிண்டுக்கு எடுத்துப்போகக்கூடாது. கண்காட்சிப் படம் அடிக்கிற மெஷின்களில் எட்டு, பத்து, பன்னிரண்டு மைகள் இருக்கின்றன. ஆப்செட் அச்சுக்கான சிஎம்ஒய்கே-க்கு மாற்றிக் கொடுத்தால், அந்தக் கூடுதல் மைகள் காட்டக்கூடிய நிறங்களை நீங்களே முன்கூட்டி வெட்டி எறிந்தாயிற்று. ஆர்ஜிபி-யிலேயே, கலர் ப்ரொஃபைலை உள்ளே ஒட்டி, 16 பிட் டிஃபாகக் கொடுங்கள். ப்ரொஃபைல் ஒட்டாத அடோபி ஆர்ஜிபி படத்தை மென்பொருள் எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டால் பட்டுச் சேலையெல்லாம் நூல் சேலையாகிவிடும். கடையிடம் அந்தத் தாளுக்கான ஐசிசி ப்ரொஃபைலைக் கேட்டு வாங்கி, போட்டோஷாப்பில் சாஃப்ட் ப்ரூஃப் போட்டுப் பாருங்கள். தாளின் வெண்மையையும் காட்டச் சொன்னால் திரை சட்டென்று சோபை இழக்கும், மனசும் இறங்கும். அதுதான் தாளில் வரப்போகிற படம்.

தாளைப் பொறுத்து இருட்டு மாறும். பருத்தியில் செய்த மேட் தாள், ஹானமூலெ போட்டோ ராக் மாதிரி, கையில் எடுத்தாலே ஒரு கௌரவம். ஆனால் அதன் கறுப்பு, பளபளப்பான பரைட்டா தாளின் கறுப்பு அளவுக்கு ஆழம் போகாது. கோயில் மண்டபத்துக்குள் எடுத்த படங்களில் தூண்களுக்கு இடையிலுள்ள இருட்டு, மேட்டில் ஒரே கறுப்புத் திட்டாக ஆகிவிடுவது இதனால்தான். அந்த நிழல்களை முன்கூட்டியே கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டும். கேன்வாஸ் என்றால் விளிம்புக்கு இடம் ஒதுக்க வேண்டும். 24-க்கு 36 அங்குலப் படத்தை ஒன்றரை அங்குலக் கட்டையில் சுற்றி இழுக்க, ஒவ்வொரு பக்கமும் இரண்டரை அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். ஃபைல் 29-க்கு 41. அந்த இடத்துக்குப் படத்தின் ஓரத்தையே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டினால் யாருடைய காதும் கட்டையின் பக்கத்துக்குப் போகாது.

கண்காட்சிப் படத்துக்கு முழு அளவில் அடிக்கும் முன் ஒரு துண்டு அடித்துப் பார்ப்பதை நான் கட்டாயமாக்கிவிட்டேன். படத்தைச் சுருக்கி ஏ4-ல் அடிப்பதில் பயனில்லை. அதில் எல்லாமே கூர்மையாகத்தான் தெரியும். கடைசி அளவிலேயே வைத்து, எட்டு அங்குல அகலத்துக்கு ஒரு பட்டையை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். பட்டையை எங்கே வெட்டுவது என்பதில்தான் விஷயம். ஒரு மூதாட்டியின் படம் என்றால் கண்ணிலிருந்து கன்னம் வழியாகக் கழுத்து நிழல்வரை இறங்கும்படி எடுப்பேன். இமை முடியில் ஷார்ப்னெஸ் தெரியும், கன்னத்தில் நிறம் தெரியும், வெள்ளை முடியில் வெளிச்சம் எரிந்துபோயிருக்கிறதா என்பது தெரியும், நிழலில் முந்தானை மடிப்பு மிஞ்சியிருக்கிறதா என்பதும் தெரியும். அதே பட்டையில் ஷார்ப்னெஸை மூன்று அளவில் பக்கம் பக்கமாக வைத்து அடித்தால் ஒரே செலவில் முடிவெடுத்துவிடலாம். திரையில் 100 சதவீதத்தில் பார்க்கக் கொஞ்சம் மிகையாக, ஓரமெல்லாம் முறுக்கியது போல இருக்கிற அளவே தாளில் சரியாக வருகிறது. மை தாளில் லேசாகப் பரவி அந்த முறுக்கைத் தின்றுவிடும், மேட் தாளில் இன்னும் அதிகமாக. ஷார்ப்னெஸ் போடுவது கடைசி அளவுக்குப் பெரிதாக்கிய பிறகுதான். முன்னால் போட்டுவிட்டுப் பெரிதாக்கினால் அந்த ஓரக் கோடுகளும் சேர்ந்து வளரும். பட்டை ஈரம் உலர ஒரு மணி நேரமாவது விட்டு, படம் மாட்டப்போகிற இடத்தின் விளக்கிலேயே பாருங்கள். கடையின் வெள்ளை எல்இடியில் சரியாக இருந்த சாம்பல், வீட்டு மஞ்சள் விளக்கில் பழுப்பாகத் தெரியும்.

பிளக்ஸிலும் துணிக்குத் துணி வேறுபடும். உள்ளே விளக்கு எரிகிற பேக்லிட் போர்டுக்குச் சாதாரண அடர்த்தியில் அடித்தால் விளக்கைப் போட்டதும் நிறம் வெளுத்துப்போகும். அதனால் மையைக் கூட்டி அடிக்கச் சொல்லுங்கள், வெளிர் நிறங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஷோரூம் கண்ணாடிக்கு ஒட்டுகிற ஒன்வே விஷன் முழுக்கத் துளை. பரப்பில் பாதிவரை காற்றுதான். அதில் போன் நம்பரைச் சின்னதாகப் போட்டால் எட்டு எது, மூன்று எது என்று தெரியாது. வெயிலில் பல மாதம் நிற்க வேண்டிய போர்டில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுத்து, கடைசியில் சயான் மட்டும் தங்கி முகமெல்லாம் நீலம் பாயும். மாதக்கணக்கில் நிற்கிற போர்டுக்கு முகத்தைப் பெரிதாக வைக்காமல் எழுத்தை நம்புங்கள் என்பது என் யோசனை.

எங்கள் கடையில் பிளக்ஸ் ரோல் அதிகபட்சம் 10 அடி அகலம். அதற்கு மேல் உயரமும் அகலமும் இருந்தால் ஜாயின்ட் வரும். அது எங்கே விழும் என்பதை டிசைன் போடும்போதே ஒரு கைடுலைன் வைத்துப் பார்த்துக்கொண்டால், தலைவரின் மூக்கு நடுவிலோ மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியிலோ விழாது. ஒட்டுவதற்கு ஒரு அங்குலம் மேலேறும் என்பதையும் கணக்கில் சேருங்கள். சட்டத்தில் அடிக்கிற பேனராக இருந்தால் மடித்து ஆணி அடிக்க நான்கு பக்கமும் மூன்று அங்குலம் போய்விடும். ரிங் அடிப்பதாக இருந்தாலும் ஓரத்தில் இரண்டு அங்குலத்துக்கு எழுத்தே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாய்மாமன் பெயர்மேல் ஓட்டை விழுந்தால் அது பிரிண்டிங் பிரச்சினையோடு நிற்காது.

எல்லாம் சரியாக இருந்தும் மறு பிரிண்ட் போகிற வேலைகளில் பெரும்பாலானவை பெயரால் போகின்றன. மூத்தவர் பெயர் இரண்டாவதாக வந்துவிட்டது, ‘கே.’ என்ற இனிஷியல் ‘கி.’ என்று இருக்க வேண்டும், பட்டம் விட்டுப்போயிற்று, காதணி விழாவுக்குப் போன வருட தேதி. அதனால் முடித்த ஃபைலைச் சின்னதாக்கி வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, “பேரு, இனிஷியல், வரிசை, தேதி நாலையும் பாத்து ஓகேனு எழுதி அனுப்புங்க” என்று கேட்டு வாங்குகிறேன். போனில் வாயால் சொல்கிற ஓகேயைக் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவரிடமாவது காட்டச் சொல்லுவேன், முடிந்தால் பெண்களிடம். உறவுமுறை வரிசை அவர்களுக்குத்தான் சரியாகத் தெரிகிறது. எழுத்தில் பதில் வந்த பிறகு லேயர்களை ஒன்றாக்கி, அளவு, துணி வகை, எண்ணிக்கை, ஸ்கேல் எல்லாம் தெரியும்படி ‘10க்கு8_ஸ்டார்_1காப்பி_ஸ்கேல்1க்கு12’ என்று பெயர் வைத்து மெஷின் ஃபோல்டருக்குள் போடுகிறேன்.